இப்ப கேக்குதா?

என் இடது காதில் ஒரு சத்தம் குடியிருக்கிறது. பழைய டப்பா டிவியில் நிகழ்ச்சியெல்லாம் முடிந்து கலர் கோடுகள் மட்டும் நிற்கும்போது 'கீ' என்று ஒன்று வருமே, அதுதான். குறைக்கப் பொத்தான் கிடையாது, பிடுங்கி எறிய ஒயரும் கிடையாது. இதை எழுதுகிற இந்த நிமிஷமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. எழுதி முடிப்பதற்குள் அது ஒழிந்துவிடும் என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

எனக்கு ஊரப்பாக்கம். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு டைல்ஸ் கடையில் கணக்கு எழுதுவது பிழைப்பு. முகூர்த்த நாளானால் ஆளே மாறிவிடுவேன். கோட்டை மாட்டிக்கொண்டு ரிசப்ஷன் மேடையில் மைக் பிடிப்பேன். மாப்பிள்ளையின் தொப்பை, பந்திக்கு முந்துகிற மாமாக்கள், செல்பி எடுக்க மேடையேறி இறங்க மறுக்கும் நண்பர்கள், இதுதான் என் சரக்கு. வலது பக்கம் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்பார்கள். அதனால் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டி எப்போதும் என் இடது பக்கம். பல வருஷமாக அப்படித்தான். இதில் ஏதாவது விளங்குகிறதா? எனக்கு விளங்கவில்லை.

மாமல்லபுரம் பக்கம் ஒரு ரிசப்ஷன் முடித்து வந்த மறுநாள் காலை, பல் தேய்க்கும்போது சத்தத்தைக் கவனித்தேன். உடனே குற்றவாளியையும் கண்டுபிடித்துவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் புதிதாக இன்வர்ட்டர் வாங்கியிருந்தார். ரிட்டயர்டு ஆள். எனக்கு அவரை ஆரம்பத்திலிருந்தே ஆகாது. எங்கள் முருங்கைக் கிளை அவர் காம்பவுண்டுக்குள் எட்டிப் பார்த்தால் அளந்து வெட்டுகிற ரகம். வாயில் நுரையோடு போய்க் கதவைத் தட்டினேன்.

"சார், உங்க இன்வர்ட்டர் கத்துது."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார். "எனக்கு ஒண்ணும் கேக்கலயே தம்பி."

"வயசாயிடுச்சி இல்ல சார், அதான்."

கதவு சாத்தப்பட்டது. ஆனாலும் மனுஷர் இன்வர்ட்டரை அணைத்துவிட்டு ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார். சத்தம் நிற்கவில்லை. சரி, இன்வர்ட்டரை விடுதலை செய்தேன். தெருமுனை ட்ரான்ஸ்பார்மரைப் பிடித்தேன்.

போனில் எங்கள் தெருவுக்கு ஒரு குரூப் உண்டு. அதில் எழுதினேன்: ட்ரான்ஸ்பார்மர் ஓயாமல் கூவுகிறது, பிள்ளைகள் படிக்க முடியவில்லை, பெரியவர்கள் தூங்க முடியவில்லை. எனக்குப் பிள்ளையும் இல்லை, வீட்டில் பெரியவரும் இல்லை, அது வேறு விஷயம். முதல் நாள் பதிலாக ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் மட்டும் வந்தன. மறுநாள் எதிர்வீட்டு அம்மா தனக்குக் கொஞ்ச நாளாகவே தலைவலி, காரணம் இப்போதுதான் புரிகிறது என்றார். மாவு கடைக்காரர் தன் இட்லி மாவு புளிக்காததற்கும் இதுதான் காரணம் என்றார். ஒருவர் வீட்டு நாய் சரியாகச் சாப்பிடவில்லையாம். அந்த வாரம் முடிவதற்குள் தெரு முழுவதற்கும் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. மேடையில்கூட எனக்கு இப்படி ஒரு கூட்டம் சேர்ந்ததில்லை.

லைன்மேனைக் கூட்டி வந்தோம். அண்ணாந்து பார்த்தார். ட்ரான்ஸ்பார்மர் என்றால் கொஞ்சம் ரீங்காரம் இருக்கும், கோளாறு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். அவருக்கும் வயதாகிவிட்டது என்று குரூப்பில் எழுதினேன்.

அப்போதுதான் பராமரிப்பு நாள் வந்தது. மாதம் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு ஏரியா மொத்தத்துக்கும் கரண்டை நிறுத்தி சாயங்காலம் கொடுப்பார்கள். எனக்குப் பொறி தட்டியது. கரண்ட் போன அந்த நொடியில் எல்லோரும் வெளியே வந்து காது கொடுத்துக் கேளுங்கள், சத்தம் நின்றால் அதுதான் ருசு, அன்றைக்கே மின்வாரியத்துக்கு மனு என்று அறிவித்தேன்.

தெருவே வாசலில் நின்றது. நைட்டி மேல் துண்டு போட்டவர்கள், டிபன் பாக்ஸோடு ஆபீசுக்குக் கிளம்பியவர்கள், கையில் மாவு ஒட்டிய கடைக்காரர். பக்கத்து வீட்டுக்காரர் இன்வர்ட்டரையும் அணைத்துவிட்டு வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கரண்ட் போயிற்று. மின்விசிறி, மோட்டார், கிரைண்டர் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக அடங்கின. ஊரப்பாக்கத்தில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை. ஸ்டேஷன் பக்கம் ஒரு ரயில் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"அப்பாடா, நின்னுடுச்சி" என்றார் எதிர்வீட்டு அம்மா.

காது குளிர்ந்துபோச்சு என்றார் மாவு கடைக்காரர். எல்லோரும் தலையாட்டினார்கள். யாரோ கைகூடத் தட்டினார்கள்.

என் காதில் 'கீ' அப்படியே இருந்தது. அப்படியேகூட இல்லை. போட்டிக்கு இருந்த மற்ற சத்தமெல்லாம் போய்விட்டதால் இன்னும் ஓங்கிக் கேட்டது. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடைப் பழக்கம் விடுமா? "நின்னுடுச்சி, கேஸு நம்ம பக்கம்" என்றேன். சிரித்தார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கிட்டே வந்து, மெதுவாக, "தம்பி, உனக்கு நின்னுச்சா?" என்று கேட்டார். மனு டைப் செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

உள்ளே போய்த் தலையணையைத் தலைமேல் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மனைவி வந்து தலையணையைப் பிடுங்கினாள். ட்ரான்ஸ்பார்மர் இல்லை, என் தலைக்குள்ளேதான் என்றேன். அப்புறம் ஒன்று சொன்னேன்.

"இதோட என்னால இருக்க முடியாது."

நான் வாயைத் திறந்தால் ஜோக்குதான் என்று அவளுக்குத் தெரியும். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து என்னை வீட்டில் தனியாக விடுவதை நிறுத்திவிட்டாள். கறிவேப்பிலை வாங்கப் போனாலும் என்னைக் கிளப்பினாள். முதுகு வலி, பை தூக்க ஆள் வேண்டுமாம். ஒரு கட்டுக் கறிவேப்பிலை தூக்க ஒரு ஆள். எனக்குப் புரியாமல் இல்லை. காவலுக்கு ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு காய்கறிக் கடையில் நிற்கிறவனுக்கு என்ன மரியாதை மிச்சம் இருக்கும்? அதற்கும் அவள்மேலேயே எரிந்து விழுந்தேன்.

கடையில் கணக்கை ஓரம் தள்ளிவிட்டு போனில் தேடினேன். மூளையில் கட்டி என்று முதலில் முடிவு செய்தேன். மத்தியானத்துக்குள் நரம்பு, சாயங்காலம் ரத்தக்குழாய். என் பதினாறாம் நாள் காரியத்தில் வடையா போண்டாவா என்பதுவரை யோசித்தாகிவிட்டது. படத்திறப்புக்கு யார் மைக் பிடிப்பார்கள் என்று நினைத்துப் பார்த்ததில்தான் கொஞ்சம் கோபம் வந்தது. ஒருத்தனுக்கும் ஜோக் சொல்ல வராது.

ஊரில் இருப்பவர்களெல்லாம் வைத்தியர்கள். பூண்டை நசுக்கிப் போட்டு எண்ணெய் காய்ச்சி விடச் சொன்னாள் மச்சினி. விட்டேன். அப்புறம் சத்தம் பூண்டு வாசனையோடு வந்தது. சளிதான், ஆவி பிடி என்றார் முதலாளி. உடைந்த டைல்ஸை வாரிக்கொண்டிருந்தவர், தன் பெரியப்பாவுக்கும் இப்படித்தான் கேட்டது, செவிடாகிப் போய்ச் சேர்ந்தார் என்று ஆறுதல் சொன்னார். எல்லோருக்கும் கையெடுத்துக் கும்பிடு போட்டேன். மனசுக்குள் போட்டது வேறு.

கடைசியில் மனைவி செங்கல்பட்டு அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். தடதடப்பில் சத்தம் அமுங்கிப் போயிற்று. சிங்கப்பெருமாள் கோயில், பரனூர் எல்லாம் எனக்கு சொர்க்கமாகத் தெரிந்தன. செங்கல்பட்டில் இறங்க மாட்டேன், இதே வண்டியில் திரும்பிப் போகலாம் என்று அடம் பிடித்தேன். சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினாள்.

காது சோதிக்க ஒரு சின்ன அறை. சுவரெல்லாம் மெத்தை. ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார் சோதனை செய்கிற பெண். அந்த அறையில் என் சத்தம் அடித்த கொட்டம் இருக்கிறதே! அமுக்கினேன். அமுக்கிய கையை எடுக்கவே இல்லை. அவர் கதவைத் திறந்தார்.

"சார், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

டாக்டர் இளவயதுப் பெண். சீட்டைப் பார்த்துவிட்டு விளக்கினார். இடது காதில் உச்ச சுருதிகள் கொஞ்சம் போய்விட்டன, ஸ்பீக்கர் பக்கத்தில் நின்று நின்று வந்த சேதம். காது அனுப்பாததை மூளை தானே போட்டு நிரப்பிக்கொள்கிறது, அதுதான் அந்த 'கீ'. கட்டி கிட்டி ஒன்றும் தெரியவில்லை. இந்தச் சத்தத்தை ஒரேயடியாக நிறுத்த மருந்து கிடையாது. அமைதியில் உட்காரக் கூடாது, மின்விசிறியாவது ஓடட்டும். இனிமேல் மேடையேறினால் காதில் அடைப்பான் இல்லாமல் ஏறக் கூடாது.

தூக்கம் எப்படி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், நான் அன்றைக்குச் சொன்னதை மனைவி அப்படியே ஒப்பித்துவிட்டாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சாகணும்னு தோணுதா?"

"இல்ல மேடம். அது சாகணும்னு தோணுது."

இவரும் சிரிக்கவில்லை. அப்படி ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தால் ஓ.பி. நாளுக்குக் காத்திருக்காமல் உடனே கிளம்பி வர வேண்டும் என்று என்னிடமும் மனைவியிடமும் தனித்தனியாகச் சொன்னார். மனநல டாக்டரையும் பார்த்துவிட்டுப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தார். கடைசியாக, "நீங்க ராவும் பகலும் அதக் காவல் காக்கறீங்க. காவல விடுங்க, அது பாட்டுக்கு ஒரு மூலைல கெடக்கும். பழகிடும்" என்றார்.

பழகிடும். தமிழில் எனக்குப் பிடிக்காத வார்த்தைக்கு ஒரு பரிசு கொடுப்பதாக இருந்தால் இதற்குத்தான். வலிக்காதவர்கள் வலிக்கிறவர்களுக்குச் சொல்வது. மனநல டாக்டர் இருந்த அடுத்த கட்டடத்தில் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். இழுத்தேன், கீ. விட்டேன், கீ.

இதைவிட மோசம் ஒன்று இருந்தது. விஷயம் தெரிந்த எல்லோரும் என்னைக் கண்டதும் ஒரே கேள்வி கேட்டார்கள்: இப்ப கேக்குதா? மாவு கடையில், ஸ்டேஷன் படியில், வேலை மும்முரத்தில் நானே மறந்துபோயிருக்கும் ஏதோ ஒரு நிமிஷத்தில். கேட்டவுடன் காதுக்குள் போய்ப் பார்ப்பேன். இருக்கும். தூங்குகிறவனைத் தட்டியெழுப்பி தூங்குகிறாயா என்று விசாரிக்கிற அக்கறை. மனைவியும் காலையில் காபி டம்ளரை நீட்டும்போது அதையே கேட்டாள். ஒரு நாள் டம்ளரைத் தட்டிவிட்டேன். எதிர்வீட்டு அம்மா மட்டும் இன்றுவரை என்னிடம் அதைக் கேட்டதில்லை. அவருக்கு ட்ரான்ஸ்பார்மர்தான் இன்னமும் கூவிக்கொண்டிருக்கிறது. மனுமேல் மனு கொடுக்கிறார்.

முகூர்த்தங்கள் போய்க்கொண்டிருந்தன. நான் மைக்கைத் தொடவில்லை. ஒரு நாள் பாக்ஸ்காரன் வந்தான். ஸ்பீக்கர் பெட்டிகளுக்குச் சொந்தக்காரன், செங்கல்பட்டுக்காரன், மேடையில் என் கூட்டாளி. செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தான்.

"இன்னா மச்சான், காதுல விசிலு அடிக்குதாமே? மண்டபத்துல நமக்கு ஒரு பையன் விசிலடிக்க மாட்றான், ஒனக்கு மட்டும் உள்ளாரயே ஆளு கீறான்."

போடா என்றேன். அவன் போகவில்லை. திருவிடந்தையில் கடலைப் பார்த்த மண்டபத்தில் ஒரு ரிசப்ஷன். பெட்டியை மேடைக்கு அந்தாண்ட வைக்கிறேன், நீ காதை அடைத்துக்கொண்டு இந்தாண்ட நில் என்றான். நான் முடியாது என்று சொல்ல, மனைவி சரி என்று சொல்லிவிட்டாள். கூடவே பட்டுப்புடவையும் எடுத்து வைத்தாள். காவல் அங்கேயும் வரும்.

சீக்கிரமே போய்விட்டோம். அலைச்சத்தம் நல்லது என்று ஆளாளுக்குச் சொல்லியிருந்ததால் மண்டபத்துக்குப் பின்னால் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். உண்மைதான், சுத்தமாகக் கேட்கவில்லை. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. எழுந்து, சவுக்குத் தோப்பைத் தாண்டி, மண்டபத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த கடன்காரன் மாதிரி 'கீ' வந்து கையைப் பிடித்தது. திரும்பி நின்று கடலைப் பார்த்துத் திட்டினேன். உன்னை ஊரப்பாக்கத்துக்கு எடுத்துக்கொண்டு போகவா முடியும்?

இந்த எரிச்சலோடுதான் மேடையேறினேன். எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. பெண்ணுக்கு முதலில் சீர்த்தட்டோடு மேடையேறுகிறவர் தாய்மாமன். மந்திரியே வந்தாலும் அவருக்கு அப்புறம்தான். மைக்கில் கூப்பிட்டு, மேளம் தட்டி, வழிவிட்டு ஏற்ற வேண்டும். தூக்கத்தில் எழுப்பினாலும் இதை நான் தப்பில்லாமல் செய்வேன். அன்றைக்கு என் கவனமெல்லாம் காதுக்குள் இருந்தது. பெண்ணின் அத்தை குடும்பத்தாரை மேடைக்கு அழைத்துவிட்டேன்.

மேளம் வாசித்துவிட்டது. அத்தையும் அத்தை வீட்டுக்காரரும் பாதிப் படி ஏறிவிட்டார்கள். வாசலில் தாய்மாமன். பின்னால் வரிசையாகத் தட்டு ஏந்திய பெண்கள். மனுஷன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"யோவ், தாய்மாமன் நான் தட்டோட நின்னுகினு கீறேன், எவன மேல ஏத்துற நீ?"

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் அத்தனை நாளாக எனக்குத் திட்டுவதற்கு ஒரு உருவம் கிடைக்கவில்லை. இதோ வேட்டி கட்டிக்கொண்டு எதிரே வந்து நிற்கிறது.

"நீங்க வாசல்ல நின்னுகினா எனக்கு எப்டி அண்ணாத்த தெரியும்? நெத்தில எழுதி ஒட்டிக்கினா வந்தீங்க?"

பிறகு ஒன்றும் என் கையில் இல்லை. என் கோட்டை விசாரித்தார். நான் அவர் மீசையை விசாரித்தேன். அப்போ நாங்கள் இறங்க வேண்டுமா என்று படியில் நின்ற அத்தை வீட்டுக்காரர் கேட்க, தாய்மாமன் அவர் பக்கம் திரும்பி ஒரு பழைய காதுகுத்து சமாச்சாரத்தைக் கிளப்பினார். பெண்ணின் அப்பா எல்லோரையும் வரிசையாகக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் பேசுவது ஈ.சி.ஆர். ரோடு வரை கேட்கிறது என்று பாக்ஸ்காரன் ஓடிப்போய்ப் பெட்டியை அணைத்தான். மைக் இல்லாமல் தொடர்ந்தோம். மணப்பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கடைசியில் இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. யாரோ ஆளுக்கொரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார்கள். மூடியைத் திருகி வாயில் வைத்தேன். அப்போது 'கீ' வந்தது.

வந்தது. அப்படியானால் இத்தனை நேரம் எங்கே போயிருந்தது? பெட்டி அணைந்து கிடக்கிறது, மேளம் ஓய்ந்துவிட்டது, அலை தோப்புக்கு அந்தப் பக்கம். அமுக்கி மறைக்க ஒன்றுமே இல்லை. நானும் காவல் காக்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அண்ணாத்த, இன்னொரு வாட்டி திட்டுங்க."

அவர் கையை உதறிக்கொண்டு பாக்ஸ்காரனிடம் கேட்டார், "இன்னாடா, இவனுக்கு மறை கழண்டுகிச்சா?"

அவரை முறைப்படி அழைத்து மேடையேற்றினேன். அப்படி ஒரு வரவேற்பு அவர் கல்யாணத்தில்கூட அவருக்குக் கிடைத்திருக்காது. அவர் முறைத்துக்கொண்டேதான் ஏறினார்.

வேனில் திரும்பும்போது மனைவியிடம் சொன்னேன். டாக்டரம்மா இதைத்தானே அன்றைக்கே சொன்னார் என்றாள். அவர் திட்டிச் சொல்லவில்லையே என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி எதையோ யோசித்துக்கொண்டு வந்தாள்.

சத்தம் போகவில்லை. ஒரு வாரம் நாய்க்குட்டி மாதிரி மூலையில் கிடக்கும், ஒரு நாள் எழுந்து வந்து குரைக்கும். அந்த நாட்களில் எனக்கு யாரையும் பிடிக்காது, என்னைச் சேர்த்து. ஆனால் ஒரு முறை காணாமல் போனது மறுபடியும் காணாமல் போகலாம் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. இதை எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்திருக்க முடியாது. மைக் பிடிக்கிறேன். காதில் அடைப்பான், பெட்டி அந்தாண்ட.

போன பராமரிப்பு நாளில் வீட்டில் இருந்தேன். ஒன்பது மணிக்கு மின்விசிறி சுற்றி அடங்கியது. தெரு அமைதியானது. 'கீ' எழுந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு விறைத்து உட்கார்ந்திருந்தேன். மனைவி சமையலறை வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தாள். "இப்ப" என்று ஆரம்பித்து நிறுத்தினாள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"யோவ், காலைலயே மோட்டாரப் போட்டுத் தொட்டிய நெரப்பச் சொன்னனே, போட்டியா? இன்னிக்கி கரண்ட் இருக்காதுன்னு தெரியாது?"

நிரப்பினேன் என்றேன். பாதிதான் இருக்கிறது என்றாள். உங்கள் வீட்டு ஆட்கள் வந்து குளித்தால் தொட்டியில் எப்படி மிஞ்சும் என்றேன். அவள் என் தங்கை வளைகாப்புச் சமாச்சாரத்துக்குப் போனாள், நான் அவள் தம்பி புதுமனைச் சமாச்சாரத்துக்குப் போனேன். நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது காம்பவுண்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் மெதுவா. காது வலிக்குது."

கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனேன். முருங்கைக் கிளை, இன்வர்ட்டர், கரண்ட் இல்லாத நாளில் அவர் வீட்டு ரேடியோ எல்லாவற்றையும் வரிசையாக எடுத்தேன். அவரும் சளைக்கவில்லை, ட்ரான்ஸ்பார்மரை எடுத்தார். என் மனைவி வாசலில் நின்று அவர் பக்கம் பேசினாள்.

தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்க உள்ளே வந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது போலிருக்கிறது. எப்போது கரண்ட் வந்தது என்று பின்னாலேயே வந்தவளைக் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்தாள். நான் பழக்கத்தில் சட்டையைத் தேடினேன்.

"நீ இரு. கறிவேப்பிலதான. தம்பி புதுமனையப் பத்திப் பேசின இல்ல, வந்து வெச்சிக்கிறேன்."

கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கடைக்குப் போனாள்.